அண்ணியின் வயது

பிப்ரவரி 9

என்னங்க,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நான் கோபமாக இருக்கிறேன்.

நீங்கள் வேலைக்குப் போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் மெமரி இரண்டையும் நேற்றுதான் மெஷினில் மாட்டினேன். இத்தனை நாளும் மெஷினே துணி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. ஹாலில் ஒரு மூலை எனக்கென்று ஒதுக்க உங்கள் அண்ணனுக்கு இந்த மாதம்தான் மனம் வந்தது. ஒதுக்கிய கையோடு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "வாங்க வாங்க, நம்ம வீட்டு சினிமா கம்பெனியைப் பாருங்க" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லிச் சிரித்து முடிக்கும்வரை நானும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மெமரி மேல் 3200 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மெஷினைப் போட்டுப் பார்த்தால் 2133 என்று காட்டுகிறது. கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினேன். 2133. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கடைக்காரன் உங்கள் தலையில் போலியைக் கட்டிவிட்டானா? கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலேயே ஆறு வருஷம் உட்கார்ந்திருந்த ஆளையா ஏமாற்றினான்?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே பாட வீடியோக்களை எடிட் செய்து தரும் வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அந்தக் கம்பெனி மார்ச் கடைசியில் எனக்குச் சோதனை வைக்கிறது. மாதிரிப் படம் ஒன்று அனுப்புவார்கள். வெட்டி ஒட்டி, முழுப் படமாக ஒரு மணி நேரத்துக்குள் என் மெஷினிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அவர்கள் ஆள் அங்கிருந்தபடியே என் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின், படத்துக்கும் அந்த மெமரியே தீனி என்று நீங்கள்தான் சொல்வீர்கள். தீனி பத்தவில்லை.

இந்த வேலை கிடைத்தால் தனியாக ஒரு அறை எடுத்துக்கொள்வேன். நீங்கள் ஏப்ரலோடு அங்கே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்கள். அப்படித்தானே பேசி வைத்தோம்? நான் இன்னும் இரண்டு வருஷம் இந்த வீட்டில் உங்கள் அண்ணனின் இரட்டைப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, உங்கள் அண்ணி ஆபீசிலிருந்து வரும்வரை மணியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிள்ளைகள் தங்கம். ஆனால் அவை என் பிள்ளைகள் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். வேகமாக.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 19

என் வாயாடிக்கு,

உன் கடிதம் பிரித்து, படித்து, முத்திரை குத்தி என் கைக்கு வந்தது. படிக்கிற ஆபீசர் தரும்போது லேசாகச் சிரித்தார். கட்டெறும்பைப் படித்திருப்பார் போல.

யாரும் ஏமாற்றவில்லை. மெமரி புதுசாக மாட்டினால் அப்படித்தான். மேலே அச்சடித்திருப்பது அது ஓடக்கூடிய வேகம். ஓடச் சொன்னால்தான் ஓடும். சொல்லாதவரை, எந்த மதர்போர்டுக்கும் ஆபத்து வராத மெதுவான வேகத்தில்தான் உட்கார்ந்திருக்கும். புகுந்த வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி. முதலில் அடக்கமாக இருக்கும். போகப் போகத் தன் வேகத்தைக் காட்டும்.

முதலில் இரண்டையும் எந்த இடத்தில் செருகியிருக்கிறாய் என்று பார். நாலு ஸ்லாட் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்தால் தப்பு. நடுவில் ஒன்று விட்டுச் செருக வேண்டும். பிறகு மெஷின் உயிர் பெறும்போதே பொத்தானைத் தட்டி, அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் போ. "ப்ரொஃபைல்" என்று ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்தால், மெமரி தன் வேகத்தைத் தானே போர்டிடம் சொல்லிக்கொள்ளும்.

அந்த போர்டு கொஞ்சம் பிடிவாதக்காரன். கிளம்பும் முன் அதே மாதிரி போர்டில் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். ப்ரொஃபைல் ஒத்துவராவிட்டால் நீயே கையால் எண்களைப் போடு. வேகம் ■■■■, பிறகு வரிசையாக ■■, ■■, ■■, ■■. கரண்டு ■■■■ வோல்ட். இவை எல்லாவற்றையும் அப்படியே போட்டால் ஓடும், என் மேல் ஆணை.

இந்தக் காவல் போட்ட வேலை வளாகத்தில் எல்லாம் அப்படியே. சுற்றிலும் வேலி, வேலிக்கு வெளியே மண். போன் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டதுதான். வாரம் ஒரு வண்டி வரும், அதில் தபால் வரும், நாங்கள் எல்லோரும் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்போம்.

அண்ணனை விடு. அவர் சுபாவம் அது.

உன்னவன்


மார்ச் 2

என்னங்க,

புது மருமகளா? உங்களுக்கு உவமை சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா? நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போகப் போக என் வேகம் எங்கே தெரிந்தது? பாத்திரம் துலக்குவதிலா?

ஸ்லாட் தப்பாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஒன்று விட்டுச் செருகினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பயாஸுக்குள் போய் ப்ரொஃபைலை ஆன் செய்தேன். திரை இருட்டாகிவிட்டது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. தானே அணைந்தது. தானே எழுந்தது. அணைந்தது. எழுந்தது. மெஷினையே கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். மூன்றாவது தடவை எழுந்து, "அமைப்பு தோல்வி, பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது" என்று சொல்லிவிட்டு, மறுபடி 2133. வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது.

சரி, நீங்கள் எழுதிய எண்களைக் கையால் போடலாம் என்று கடிதத்தை எடுத்தால் எண் இருக்க வேண்டிய இடமெல்லாம் கருப்பு மை! ஒரு எண் மிச்சம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் தடவிப் பார்த்தேன். உங்கள் ஆபீசர் நல்ல மையாகத்தான் வாங்கியிருக்கிறார்.

இணையத்தில் தேடாமல் இல்லை. ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதைப் போட்டேன், எழவே இல்லை. இன்னொருவர் சொன்னதைப் போட்டேன், எழுந்து பத்து நிமிஷத்தில் விழுந்தது. கடைவீதியில் கேட்டால் "போர்டையே மாத்திடுங்க மேடம்" என்கிறான். இந்த போர்டில் நீங்கள் ஓட்டிப் பார்த்த எண்கள்தான் எனக்கு வேண்டும்.

நேற்று மெஷின் முழுப் படத்தை வெளியே எடுக்கும் ரெண்டர் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் அண்ணி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். மிக்ஸி ஷாக் அடித்ததாம். "ஓ, நீ ஏதோ பண்ணிட்டிருந்தியா? சொல்றதில்லையா?" என்றார். ஹாலில் அவர் கண் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த மூலையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஷூ அலமாரி, முதுகுக்குப் பின்னால் டிவி. எழுந்தால் யாராவது ஏதாவது கேட்கிறார்கள். உட்கார்ந்தால் "இன்னும் உக்காந்திருக்கியா" என்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. இதை விளையாட்டாக எழுதத் தெரியவில்லை.

எப்படியாவது எண்களை அனுப்புங்கள்.

வா.


மார்ச் 11

என் வாயாடிக்கு,

ஆபீசரிடம் போய்க் கேட்டேன். "எங்க வீட்டு கம்ப்யூட்டர் மெமரி சார், வேற ஒண்ணுமில்ல" என்றேன். "இருக்கலாம். ஆனா இங்கருந்து வெளிய போற கடிதத்துல எண் போகக் கூடாது. எழுத்தால எழுதினாலும் அடிப்பேன். தேதியும், பேச்சுல வர்ற ஒண்ணு ரெண்டு, கால் அரை மாதிரிச் சில்லறையும் மட்டும்தான் விதிவிலக்கு" என்றார். நல்ல மனுஷன்தான். விதி அவர் கையைக் கட்டியிருக்கிறது, அவர் என் கையைக் கட்டியிருக்கிறார்.

அதனால் எண்ணே எழுதாமல் எழுதுகிறேன். நீ புரிந்துகொள்வாய்.

வேகம் மெமரி மேலேயே அச்சடித்திருக்கிறது, அதையே போடு. அடுத்து வரும் வரிசையில் முதலாவது, நம் கல்யாணத்தில் பெரியவர்கள் எத்தனை பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொன்னார்களோ, அது. (நாம் ஒன்றுகூடப் பெறவில்லை. அதை வந்து பேசிக்கொள்ளலாம்.) இரண்டாவது, எத்தனை பட்டிக்கு ஒரு பஞ்சாயத்து என்று சொல்வார்கள், அது. மூன்றாவதும் அதே பட்டிதான். நாலாவது, அண்ணி வயசு.

கரண்டு ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில், ஒன்றேகால் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல. இதை மறந்துவிடாதே, ப்ரொஃபைல் தோற்றதற்கு இதுதான் காரணமாக இருக்கும். அந்த போர்டு வேகத்தைக் கூட்டும், கரண்டைக் கூட்ட மறந்துவிடும். வயிற்றுக்குப் போடாமல் வேலை வாங்குகிற ரகம்.

மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே எனக்கும் அப்படித்தான் என்று எழுதினால் உனக்கு ஆறுதலா, பாரமா என்று தெரியவில்லை. மேலதிகாரி தினமும் கேட்கிறார், "என்னப்பா, நீட்டிப்புல கையெழுத்து எப்ப?" என்று. "வீட்ல கேட்டுட்டிருக்கேன் சார்" என்று சொல்லித் தள்ளிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. உன்னோடு ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டு இருக்கப் பிடித்திருக்கிறது.

சோதனைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன்னவன்


மார்ச் 26

என்னங்க, என்னங்க, என்னங்க!

ஓடுகிறது. 3200! அச்சடித்த வேகம், ஒரு எண்கூடக் குறையாமல்.

உங்கள் கடிதம் வந்ததும் சமையலறையில் நின்றபடியே விடுகதையை அவிழ்த்தேன். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு, எனவே 16. பதினெட்டுப் பட்டி, எனவே 18. மறுபடி 18. அண்ணி வயசு 36. கரண்டு 1.35. எப்படி, சரிதானே? கணவன் ஒரு கிறுக்கு என்றால் மனைவி அதைப் படிக்கத் தெரிந்த கிறுக்கு.

போட்டேன். எழுந்தது! 3200 என்று காட்டியதும் ஷூ அலமாரியைக் கட்டிக்கொண்டேன். ஆனால் சந்தோஷம் கால் மணி நேரம்தான். ஒத்திகைக்கு ரெண்டர் போட்டால் பாதியில் மெஷின் செத்து நீலத் திரை. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. சோதனைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், எனக்கு அன்றைக்கு எதிலுமே நுழையவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை. சிரிக்காதீர்கள். நீங்கள் அண்ணி வயசு என்று எழுதினீர்கள். ஊருக்கு அவர் சொல்லும் வயது 36. ஆனால் அது உண்மை இல்லை! போன வருஷம் அவருக்கு உடம்பு சரியில்லாதபோது துணைக்கு நான் போனேன் அல்லவா, நர்ஸ் வயது கேட்டபோது குரலை இறக்கிச் சொன்னார். அந்தக் கணக்கில் இப்போது 38. உங்கள் அண்ணனைவிட ஒரு வயது மூத்தவர். கல்யாணப் பேச்சில் இரண்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, இத்தனை நாள் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. சரி, பொய் வயதுக்கு ஓடாதது நிஜ வயதுக்கு ஓடுமா பார்ப்போம் என்று 38 போட்டேன்.

ஓடியதுங்க! காலையிலிருந்து மத்தியானம் வரை விடாமல் ரெண்டர் போட்டேன், விழவே இல்லை. அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினால் மெமரிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு அது உங்கள் அண்ணியின் உண்மைதான்.

சோதனையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே முடித்துவிட்டேன். வேலை எனக்கு! மே முதல் வாரம் தொடங்க வேண்டும். தையற்கடைக்கு மேலே ஒரு அறை பார்த்துவிட்டேன். சின்னதுதான். ஆனால் கதவுக்கு உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாள் இருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்துப் பார்த்தேன். தையற்கடை அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் கிளம்பும் நாள் தெரிந்ததும் சொல்வேன். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 5

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. பதறாதே.

உன் கடிதம் எனக்கு நேராக வரவில்லை. ஆபீசர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் உன் கடிதம், பக்கத்தில் என் பழைய கடிதத்தின் நகல். படிக்கிற ஆபீசரோடு நான் பார்த்திராத இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். "பெருவாழ்வுன்னா ■■. பட்டின்னா ■■. நீ குறிப்பு அனுப்புற, உன் மனைவி அதைப் பிரிச்சு எழுதுறாங்க. இதுக்கு என்ன பேர்?" என்றார்.

மெமரி என்றேன். சிரித்தார். "சரி. உன் அண்ணிக்கு என்ன வயசு?" என்றார். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்வேன்? ■■ என்றேன். "உன் மனைவி அது பொய் வயசு, நிஜம் வேறன்னு எழுதியிருக்காங்களே. பொய் எண்ணுக்கு ஓடல, நிஜ எண்ணுக்கு ஓடிச்சாம். எது ஓடிச்சு? எங்க ஓடிச்சு?" என்றார்.

நான் என்ன சொல்ல? எனக்கு அண்ணி வயது அந்த மேஜையில்தான் தெரிந்தது. முகத்தில் திகைப்பு தெரிந்திருக்கும். அதையே அவர்கள் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம், இரண்டு பேரும். நுணலும் தன் வாயால் கெடும் என்று உன்னைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் விடுகதை போட்டது நான். உனக்கு அது அவிழ்க்கத் தெரியும் என்று சந்தோஷப்பட்டதும் நான்.

விசாரணை முடியும்வரை நான் வேலியைத் தாண்ட முடியாது, ஒப்பந்தம் முடிந்தாலும். பக்கத்துக் கட்டிடத்தில் ஒருவர் இப்படித்தான் "முடியும்வரை" இருக்கிறார். எப்போதிலிருந்து என்று அவரே சொல்வதில்லை. மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டு, "நீட்டிப்புல கையெழுத்துப் போட்டுடு. நம்ம ஆளுன்னு நானே சொல்லி ஃபைலை மூடிடறேன்" என்கிறார். போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் எத்தனை என்றே தெரியாது. இருதலைக் கொள்ளி எறும்புக்குக்கூட நடுவில் கொஞ்சம் குச்சி இருக்கும்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. புதிதாக வந்தவர் சொன்னார்: "அப்படி ஒரு அண்ணி இருந்து, அப்படி ஒரு வயசுக் குழப்பமும் இருந்தா, அவங்களே கைப்பட எழுதட்டும். ரெண்டு வயசு ஏன்னு சொல்லட்டும். பள்ளிச் சான்றிதழ் நகலும் வேணும்."

அண்ணியிடம் கேள். அண்ணனிடம் கேட்காதே. மாதக் கடைசிவரை கையெழுத்துப் போடாமல் தள்ளிப் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னவன்


ஏப்ரல் 13

என்னங்க,

திட்டுங்கள். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவிழ்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். உரை எழுதி, பொழிப்புரை எழுதி, அடுத்தவர் ரகசியத்தையும் சேர்த்து உறையில் போட்டு அனுப்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

கடிதத்தைப் படிக்கிற ஐயா, இதையும் படிப்பீர்கள். அது மெமரிதான் ஐயா. என் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

நேற்று மாடியில் துணி எடுக்கும்போது உங்கள் அண்ணியிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், வேலை கிடைத்ததை, அறை பார்த்ததை, உங்கள் நிலைமையை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டே மடித்துக்கொண்டிருந்தார். வயது என்று சொன்னதும் கை நின்றுவிட்டது.

"யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான்க்கா. நர்ஸ் கேட்டப்ப மெதுவா சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"பக்கத்துல நிக்கத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன். கேக்கவா கூட்டிட்டுப் போனேன்?"

கொடியிலிருந்து அடுத்த துணியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உங்க கொழுந்தனாருக்காகக்கா. அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு. நீங்க எழுதினாதான்..."

"எழுதினா அது எங்க போகும்? யார் யார் படிப்பா? நாளைக்கு உன் புருஷன் வந்து அவங்க அண்ணன்கிட்ட பேச்சுவாக்குல சொல்ல மாட்டாரா?"

"மாமாவுக்குத் தெரிஞ்சாதான் என்னக்கா? இத்தனை வருஷம் கழிச்சு உங்களை வீட்டைவிட்டா அனுப்பப்போறாரு?"

"அனுப்ப மாட்டாரு. சிரிப்பாரு" என்றார். "நாலு பேர் வந்து உக்காந்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'எங்க வீட்ல எனக்கு ஒரு அக்கா இருக்கா'ன்னு. பிள்ளைங்க முன்னாடி சிரிப்பாரு. நான் செத்த வீட்லயும் சொல்லிச் சிரிப்பாரு. அடிச்சாக்கூடத் தாங்கிடலாம். அது என்னால ஆகாது. உனக்குத் தெரியாதா அவரை?"

தெரியும். சினிமா கம்பெனிக்குத் தெரியாதா? மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்ள வேண்டும்போல இருந்தது. அவரும் இந்த வீட்டில் ஏதோ ஒரு மூலையில்தான் இருக்கிறார், அதற்கு மேஜைகூடக் கிடையாது.

"யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துணியோடு இறங்கிப் போய்விட்டார். இன்றைக்கு என்னிடம் பேசவில்லை. பிள்ளைகள் மூலமாக உப்பு எங்கே என்று கேட்டார்.

நான் விடப்போவதில்லை. கையெழுத்துப் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், போட்டுவிடாதீர்கள்.

வா.


ஏப்ரல் 28

என் வாயாடி, என் தங்கமே,

முடிந்தது! அண்ணியின் கடிதம் நேற்று வண்டியில் வந்தது. அறையில் எனக்கு எதிரிலேயே பிரித்துப் படித்தார்கள். பள்ளிச் சான்றிதழ் நகல், அதன் மேல் ஒரு தாள். நாலே வரி. "என் உண்மையான வயது ■■. கல்யாணத்தின்போது இரண்டு வயது குறைத்துச் சொல்லப்பட்டது. என் கணவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டாம்." கீழே கையெழுத்து.

புதிதாக வந்தவர் இரண்டு தடவை படித்தார். பிறகு சான்றிதழைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை யாரும் ஜோடிச்சு எழுத முடியாது" என்றார். எங்கள் ஆபீசர் என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். இப்போதும் அவர் வயதை மை போட்டுத்தான் அடிப்பார், பார். விதி விதிதான்.

கையெழுத்துப் போடவில்லை. மேலதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது. மே பதினொன்று வண்டியில் நான் வெளியே. போனை வாங்கியதும் உன்னைக் கூப்பிடுவேன், குரல் கேட்டு எத்தனை நாள் ஆகிறது!

தையற்கடை எந்தத் தெருவில் என்று எழுது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் வருவேன். அண்ணன் வீட்டுக்கு ஒரு நாள் ஆற அமரப் போய், அண்ணி காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவோம். அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தாய்? நீ பெரிய ஆள். எனக்கு அப்போதே தெரியும்.

அந்த அறையில் மெஷினை ஜன்னலுக்கு எதிரே போடாதே. வெயில் பட்டால் அதற்கு ஆகாது. நான் வந்து இடம் பார்த்து வைக்கிறேன்.

தாழ்ப்பாளை நான் போடுவேன்.

உன்னவன்


மே 6

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று சொன்னால் பாதி உண்மை.

எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சம்மதிக்க வைக்கவில்லை. அவர்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார். தாளையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு என் மூலைக்கு வந்து, ஷூ அலமாரிமேல் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றார்.

"தரேன். ஆனா நீ எங்கயும் போகக் கூடாது. உன் புருஷன் வந்தாலும் இங்கதான். என் விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடியே இருக்கணும். நீங்க போயிட்டா, எவன் எங்க சொன்னானோன்னு தினம் நான் செத்துப் பிழைக்க முடியாது. பிள்ளைங்களையும் வேற யாரை நம்பி விட்டுட்டு வேலைக்குப் போவேன்?"

"எத்தனை நாளைக்குக்கா?" என்றேன்.

"என் வயசு குறையவா போகுது?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன். அவர் கையை எடுத்தார். அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் வந்து சொல்லுங்கள். எனக்கு உங்களைவிட அந்த அறை பெரிதாகப் படவில்லை. ஆனால் அது என் அறை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை தொடங்கிவிட்டது. மெஷின் 3200-இல் ஓடுகிறது, ஒரு நாளும் விழவில்லை. பின்னால் டிவி ஓடுகிறது. நேற்று வந்தவர்களிடம் உங்கள் அண்ணன், "கம்பெனி இப்ப லாபத்துல போகுது, டைரக்டரம்மா இடத்தைவிட்டு நகர்றதே இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அண்ணியும் நானும்தான் அதிகமாகச் சிரித்தோம்.

தையற்கடைத் தெருவின் பெயர் உங்களுக்கு வேண்டாம். பழைய விலாசத்துக்கே வாருங்கள். கதவை உங்கள் அண்ணிதான் திறப்பார். காலைத் தொட்டுக் கும்பிடாதீர்கள், ஏன் என்று உங்கள் அண்ணன் கேட்பார்.

உங்கள் மனைவி